மூக்கை மூடினால் போதுமா?

விடிந்தும் விடியாத வேளை. காஞ்சிபுரம் - உத்திரமேரூர் சாலையிலே, திருப்புலிவனத்தில் நின்று பாருங்கள். கம்பெனி பேருந்துகள் வருகின்றன. ஒரகடம் நோக்கியும் திருப்பெரும்புதூர் நோக்கியும் நமது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகின்றன. பேருந்துகள் போன பிறகு ஊரிலே மிஞ்சுவோர் யார்? திண்ணையிலே கிழவர், அடுப்பங்கரையிலே கிழவி. ஏர் பிடித்த கை நடுங்குகிறது. நாற்று நட்ட இடுப்பு நிமிர மறுக்கிறது. பிள்ளையோ தொழிற்சாலைக்குப் பக்கத்திலே வாடகைக்கு அறை பிடித்திருக்கிறான். அந்த ஒற்றை அறையிலே தாய்க்குப் பாய் விரிக்க இடமில்லை. கடைசியில் கண்ணுக்குத் தெரிவது "முதியோர் இல்லம்" என்ற பெயர்ப்பலகைதான்.

பிள்ளையைப் பழிக்க நாம் வரவில்லை. காலம் மாறுகிறது, குடும்பம் சிதறுகிறது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கிலேயே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயதைத் தாண்டியவர்கள். சரியாகச் சொன்னால் 10.4 சதவீதம். இந்தியா முழுவதற்குமான கணக்கு அன்று 8.6 தான். மூத்தோர் மிகுந்த நாடு நம் நாடு. ஆகவே முதியோர் இல்லம் என்பது எங்கோ பட்டணத்துப் பணக்காரர் வீட்டுப் பிரச்சினை என்று எண்ணிவிட வேண்டாம், தோழர்களே! அது நம் வீட்டு வாசலுக்கு வந்துவிட்ட பிரச்சினை.

அந்த இல்லத்தின் உள்ளே என்ன நடக்கிறது? ஒரு ஆயா வருகிறாள். பெரியவரைத் தூக்கி உட்காரவைக்கிறாள். முகத்துக்கு முகம் ஒரு சாண் இடைவெளி. கஞ்சியை ஊட்டுகிறாள், வாயைத் துடைக்கிறாள், உடுப்பை மாற்றுகிறாள். பெற்ற மகன் செய்யாததைக் கூலிக்கு வந்தவள் செய்கிறாள். அந்த ஆயாவின் முகத்திலே முகக்கவசம் இருக்க வேண்டுமா, வேண்டாமா? வேண்டுமென்றால் எந்த நாளில்? யார் செலவில்? யார் எழுதிய விதிப்படி? இவையே இன்று நாம் எடுத்துக்கொண்ட கேள்விகள்.

"கொரோனாதான் போய்விட்டதே! இப்போது இந்தப் பேச்சு எதற்கு?" என்று கேட்பார் உளர். கொரோனாவின் வேகம் தணிந்தது, வித்து அழியவில்லை. அது போகட்டும், ஆண்டுதோறும் வரும் சளிக்காய்ச்சல் இருக்கிறதே, அது இளைஞனை மூன்று நாள் படுக்கவைத்துவிட்டுப் போகும். எண்பது வயதுக் கிழவியிடம் வந்தால் நிமோனியாவாகி உயிரையே கேட்கும். காசநோயை எண்ணிப் பாருங்கள். உலகத்துக் காசநோயாளிகளிலே ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். அதுவும் இருமலில் பறக்கிற நோய்தான். தீ அணைந்துவிட்டது என்பதற்காகத் தீயணைக்கும் வண்டியை விற்றுவிடுவார் உண்டோ?

நோய் எந்த வழியாக வந்தது?

இல்லத்துக் கிழவர் சந்தைக்குப் போவதில்லை, திருவிழாவுக்குப் போவதில்லை, பேருந்து ஏறுவதில்லை. பிறகு நோய் அவரிடம் எப்படி வந்தது? வெளியிலிருந்து வருகிறவரோடுதான் வந்தது. இதைக் கணக்கோடு காட்டிய இடம், உலகத்திலேயே பெரிய பணக்கார நாடு.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டில் நகரை அடுத்த கிர்க்லாண்டில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லம். 2020 பிப்ரவரி இறுதியிலே அங்கே கொரோனா கண்டறியப்பட்டது. மார்ச் 18ஆம் நாள் வரை எடுத்த கணக்கில், அந்த ஓர் இல்லத்தோடு தொடர்புடைய நோயாளிகள் 167 பேர். இல்லத்து முதியோர் 101, பணியாளர் 50, பார்க்க வந்தவர்கள் 16. நோயுற்ற முதியோரிலே மூவரில் ஒருவர் மாண்டார்.

காரணம் என்ன என்று அந்நாட்டு நோய்த்தடுப்பு நிலையத்தார் ஆராய்ந்தனர். காய்ச்சலோடும் இருமலோடும் வேலைக்கு வந்த பணியாளர்கள் இருந்தனர். ஒன்றுக்கு மேற்பட்ட இல்லங்களில் மாறி மாறி வேலை பார்த்தவர்கள் இருந்தனர். காப்பு உடைகளும் கவசங்களும் போதவில்லை. அவற்றை அணியும் முறையும் பலருக்குச் சரியாகச் சொல்லித்தரப்படவில்லை. இதுதான் அவர்கள் கண்டது.

அதே வட்டாரத்திலே இன்னோர் இல்லம். அங்கே பரிசோதனையில் நோய் இருப்பதாகத் தெரிந்த முதியோர் 48 பேர். அவர்களில் 27 பேருக்கு, பரிசோதனை செய்த நாளில் காய்ச்சலும் இல்லை, இருமலும் இல்லை! பின்னர்தான் அவர்களில் மிகப் பலருக்கு அறிகுறி தோன்றிற்று. இதிலிருந்து நாம் பெறும் பாடம் என்ன? வாசலிலே ஒரு கருவியை நெற்றிக்கு நேரே நீட்டி, "காய்ச்சல் இல்லை, உள்ளே போ" என்று சொன்னால் போதாது. தன்னிடம் நோய் இருப்பதே தெரியாமல் ஒருவர் நோயைச் சுமந்து வருவார். நோய் பரவுகிற காலத்திலே, நலமாயிருப்பதாக நினைப்பவர் முகத்திலும் கவசம் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

முகக்கவசத்தின் கதை புதிதுமன்று. நம் தமிழர் பலர் சென்று உழைத்த பினாங்குத் தீவிலே பிறந்த சீனர் ஒருவர், மருத்துவர் வூ லியன்தே. 1910ஆம் ஆண்டுக் கடுங்குளிரில் மஞ்சூரியாவிலே நுரையீரல் பிளேக் பரவியபோது, சீன அரசு அவரை அனுப்பிற்று. எலியும் தெள்ளுப்பூச்சியும்தான் காரணம் என்று பெரிய மருத்துவர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. அவரோ, இது மூச்சுக்காற்றில் பரவுகிறது என்றார். பஞ்சை நடுவில் வைத்து மெல்லிய துணியால் சுற்றிய கவசத்தை மருத்துவரும் தொண்டரும் அணிய வேண்டுமென்றார். அவரைவிட வயதிலும் பதவியிலும் மூத்த பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி அதை ஏற்கவில்லை. கவசமின்றி நோயாளிகளிடம் போனார். 1911 ஜனவரியில் அதே நோய்க்கு இரையானார். பட்டமும் பதவியும் கிருமிக்குத் தெரியாது.

சட்டம் எங்கே நிற்கிறது?

நம் நாட்டிலே சட்டத்துக்குப் பஞ்சமில்லை. 1939லேயே சென்னை மாகாணத்துக்குப் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்துவிட்டது. அந்தச் சட்டத்தைத் திருத்தித்தான் 2020 செப்டம்பரில், முகக்கவசம் அணியாமல் தெருவில் வந்தவருக்கு 200 ரூபாய் அபராதம் என்று விதித்தார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அரசு மருத்துவமனைகளிலே மருத்துவர், பணியாளர், நோயாளி, உடன் வருவோர் அனைவரும் கவசம் அணிய வேண்டுமென்று அறிவித்தார்கள். இரண்டுமே நோயின் வேகத்தைப் பார்த்துப் பிறந்த விதிகள். அந்த அளவில் நாம் குறை சொல்லவில்லை.

முதியோருக்கென்றே ஒரு சட்டம் 2007இல் நாடாளுமன்றத்திலே நிறைவேறியது: பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம். அதன் 19ஆம் பிரிவு, மாவட்டத்துக்கு ஓர் இல்லமேனும், குறைந்தது 150 வறிய முதியோர் தங்கும் அளவிலே, மாநில அரசு அமைக்கலாம் என்கிறது. "அமைக்கலாம்" என்கிறது, "அமைக்க வேண்டும்" என்று ஆணையிடவில்லை. ஒரு சொல்லுக்குள்ளே எத்தனை முதியவர்களின் வாழ்வு தொங்குகிறது, பாருங்கள்!

விதிகள் எப்போது நினைவுக்கு வருகின்றன? ஊர் கொந்தளித்த பிறகு. 2018 பிப்ரவரியிலே, உத்திரமேரூரை அடுத்த பாலேஸ்வரத்தில் இயங்கிய முதியோர் கருணை இல்லம் பற்றி நாடே பேசிற்று. குற்றச்சாட்டுகள் எழுந்தன, இல்லத்தார் மறுத்தனர், அதிகாரிகள் வந்தனர், அங்கிருந்த முதியோர் வேறு இடங்களுக்கு மாற்றப்பட்டனர். குற்றம் யாருடையது என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலையன்று. நாம் கேட்பது ஒன்றே: அதிகாரியின் கால் அந்த வாசற்படியை மிதிப்பதற்குப் பத்திரிகையில் தலைப்புச் செய்தி வர வேண்டுமா?

தொழிலாளியின் தலையில் மட்டும் கட்டாதே!

இனி நாம் சொல்லப்போவதை இல்லம் நடத்துவோர் சிலர் விரும்பமாட்டார்கள். ஆயினும் சொல்லியாக வேண்டும்.

"முகக்கவசம் அணியாமல் வந்தால் கூலி பிடிப்பு" என்று ஒரு சீட்டு ஒட்டிவிட்டு, "எங்கள் இல்லத்திலே கடுமையான விதி உண்டு" என்று மார்தட்டுகிறார்களே, அது விதியா? கவசத்தை வாங்கியது யார்? ஆயாவின் சொந்தக் காசு. ஒரு கவசம் எத்தனை நாள்? அழுக்கேறி நாடா அறும்வரை. ஈரமான கவசம் காப்பாற்றாது. அணிந்து கழற்றியதை மடித்து இடுப்பில் செருகி மறுநாள் மாட்டினால், அது கிருமிக்கு அமைத்துக் கொடுத்த குடிசை. மூன்றடுக்குக் கவசம் நனைந்தால் மாற்ற வேண்டும். வேலைநேரம் முடிந்ததும் எறிந்துவிட வேண்டும். நோயாளியின் அறைக்குள் நெருங்கிப் பணி செய்பவருக்கு, நுண்துகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தை வடிக்கும் என்-95 வேண்டும். குறைந்த கூலிக்காரி இதையெல்லாம் எந்தப் பணத்தில் வாங்குவாள்?

நம் தொழிற்சாலைத் தோழர்களுக்கு இது எளிதில் விளங்கும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 35ஆம் பிரிவு, பொறி பறக்கும் வேலையிலே தொழிலாளியின் கண்ணைக் காக்கக் கண்ணாடியோ தடுப்போ நிர்வாகமே தர வேண்டுமென்று விதித்தது. கண்ணாடியைத் தொழிலாளி கடையிலே வாங்கிக்கொண்டு வரட்டும் என்று சொல்லவில்லை. அச்சட்டத்துக்கு மாற்றாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும், பாதுகாப்புக்காகச் செய்யும் எதற்கும் தொழிலாளியிடம் காசு வாங்கக்கூடாது என்கிறது. அந்தத் தொகுப்பின்மீது தொழிற்சங்கங்களுக்குள்ள எதிர்ப்பு தனிக் கதை. அதன் வாசலோ பொதுவாகப் பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்துக்கே திறக்கிறது. நான்கு ஆயாக்களும் ஒரு சமையற்காரரும் ஒரு காவற்காரரும் உள்ள சிறிய இல்லம் என்ன ஆவது? அந்த ஆயாவுக்கு மூச்சு இல்லையா? அவள் தொழிலாளி இல்லையா?

கவசத்தைவிடப் பெரிய கேள்வி காய்ச்சல் நாளைப் பற்றியது. காலையிலே எழுந்தால் உடம்பு கொதிக்கிறது. வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. இரண்டு நாள் போகாவிட்டால் வேலையே இல்லை. அவள் என்ன செய்வாள்? மாத்திரை ஒன்றை விழுங்குவாள். கவசத்தை இழுத்து மாட்டிக்கொள்வாள். பெரியவருக்குக் கஞ்சி ஊட்டப் போவாள். அன்றைக்கு அவள் முகத்திலே இருப்பது நோய்த்தடுப்பு என்றா சொல்வது? அவளது வறுமையை மறைக்கும் திரை அது! நோயுற்ற நாளுக்குக் கூலியோடு விடுப்புத் தராத இல்லம், எத்தனை அடுக்குக் கவசம் மாட்டச் சொன்னாலும் நோயைத் தன் கையாலேயே அழைத்துவருகிறது.

இது நடக்காத காரியமா? நடந்திருக்கிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்திலே, 2020 மார்ச் இறுதியில் ஒரு விதி செய்தார்கள். பராமரிப்புப் பணியாளர் ஒரே இல்லத்தில்தான் வேலை செய்ய வேண்டும். அதோடு நிறுத்தவில்லை. ஓரிடத்திலே சம்பளம் போதாததால்தான் இரண்டு இடங்களுக்கு ஓடுகிறார்கள் என்பதை உணர்ந்து, குறைந்த சம்பளம் தந்த இல்லங்களின் சம்பளத்தையும் அரசு பணம் தந்து உயர்த்திற்று. கட்டுப்பாடு ஒரு கையிலே, கூலி மறு கையிலே! கட்டுப்பாடு என்றால் இப்படியன்றோ இருக்க வேண்டும்?

அதே கனடாவிலே வேறொரு பாடமும் உண்டு. ஒண்டாரியோ மாநிலத்து மருத்துவமனைகள் சில, "சளிக்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்; இல்லையேல் பருவம் முழுவதும் கவசத்தோடு நில்" என்று செவிலியருக்கு விதித்தன. செவிலியர் சங்கம் வழக்காடியது. 2015இல் நடுவர் அந்த விதி நியாயமற்றது என்று தீர்ப்பளித்தார். கவசத்துக்கான மருத்துவச் சான்று போதவில்லை. தடுப்பூசி போடவைக்கும் நெருக்கடியாகவே அது பயன்பட்டது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். தடுப்பூசி வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. போட்டுக்கொள்ளச் சொல்லியே வற்புறுத்துகிறோம். ஆனால் கவசம் காப்பாக இருக்கட்டும். பணியாளரின் நெற்றியிலே குத்தும் முத்திரையாக அது மாறக்கூடாது.

பெரியவர் பக்கமும் பார்க்க வேண்டும்

ஆண்டு முழுவதும், நாள் முழுவதும், எல்லோரும் கவசத்தோடே இருங்கள் என்றும் நாம் சொல்லமாட்டோம். காது மங்கிய பெரியவர், பேசுகிறவரின் உதட்டைப் பார்த்தே பாதி புரிந்துகொள்கிறார். நினைவு தடுமாறிய பாட்டி, மூடிய முகத்தைக் கண்டால் அஞ்சுகிறாள். வேற்றாள் வந்துவிட்டான் என்று சோற்றைத் தள்ளிவிடுகிறாள். "சாப்பிடுங்க பெரியம்மா" என்று சொல்கிறவள் சிரிக்கிறாளா, சீறுகிறாளா என்பது அவளுக்குத் தெரிய வேண்டும். அந்த இல்லத்திலே அவளுக்கு மிஞ்சியிருக்கும் உறவே அந்த முகம்தான்.

ஆகவே விதி அறிவோடு அமைய வேண்டும். இருமல், சளி, காய்ச்சல் உள்ள பணியாளர் முதியவரிடம் வரவே கூடாது. தொற்றுள்ள முதியவரின் அறைக்குள் போகிறவர் கவசமின்றிப் போகக்கூடாது. இல்லத்திலோ ஊரிலோ மூச்சுநோய் பரவும் நாட்களில், ஆயா முதல் நிர்வாகி வரை, நன்கொடை தந்து நிழற்படம் எடுக்க வரும் பெரிய மனிதர் வரை, அனைவருக்கும் கவசம் கட்டாயம். மற்ற நாட்களிலே கவசத்தைத் தளர்த்தலாம். கைகழுவுவதையும் சன்னலைத் திறந்து காற்றை விடுவதையும் ஒருநாளும் தளர்த்தக்கூடாது. அணியும்போது மூக்கும் வாயும் மூடியிருக்க வேண்டும். தாடைக்குக் கீழே தொங்குகிற கவசம், வாசலிலே சாத்தாமல் கிடக்கும் கதவு.

கல்லிலே எழுதிய ஊர் இது

திருப்புலிவனத்துக்குப் பக்கத்திலே உத்திரமேரூர். உலகம் அறிந்த கல்வெட்டு அங்கே இருக்கிறது. முதற் பராந்தக சோழன் காலத்திலே, 919இலும் 921இலும் பொறித்தது. குடவோலையில் பெயர் எழுதிப் போட்டு, ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று ஆள் தேர்ந்த முறையைச் சொல்லும் கல்வெட்டு. பழம்பெருமை பாடி மயங்க நாம் இதைச் சொல்லவில்லை. நிலம் உடையவனும் வேதம் ஓதியவனுமே அந்த ஓலையில் இடம் பெற்றான். உழுதவனுக்கும் பெண்ணுக்கும் அங்கே இடமில்லை. அந்தக் குறையை நாம் மறைக்கமாட்டோம்.

ஆனால் அதிலே ஒன்று கற்கத் தக்கது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும், அவனுடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் அந்தப் பொறுப்புக்கு வரக்கூடாது என்ற விதியை, அலுவலகப் பெட்டிக்குள்ளே பூட்டிவைக்கவில்லை. நாலு பேர் கூடுகிற இடத்திலே கல்லில் வெட்டி வைத்தார்கள். விதி வெளிச்சத்தில் இருந்தால்தான், மீறுகிறவனைப் பார்த்து ஊர் கேட்கும். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னே கல்லிலே எழுத முடிந்தது. இன்றைக்கு ஒரு முதியோர் இல்லத்தின் சுவரிலே சுண்ணாம்பு அடித்து எழுத முடியாதா?

என்ன எழுத வேண்டும்? நான்கு வரி போதும்.

கவசம், கையுறை, சோப்பு அனைத்தும் இல்லத்தின் செலவு. பணியாளரிடம் ஒரு காசும் பிடிக்கப்படாது.

காய்ச்சல் வந்த பணியாளருக்குக் கூலியோடு விடுப்பு உண்டு; வேலை போகாது.

கவசம் அணிய வேண்டிய நாளும் இடமும் இவை. நிர்வாகிக்கும் விருந்தினருக்கும் இதே விதி.

இவ்விதி மீறப்பட்டால் புகார் செய்ய வேண்டிய அதிகாரி இவர். அவரது தொலைபேசி எண் இது.

இந்த நான்கு வரியை எல்லா இல்லங்களுக்கும், பத்துப் பேருக்குக் குறைவான பணியாளர் உள்ள இல்லங்களுக்கும் சேர்த்து, அரசு கட்டாயமாக்க வேண்டும். நன்கொடையிலே தட்டுத் தடுமாறி நடக்கும் ஏழை இல்லங்களுக்குக் கவசத்தை ஆரம்ப சுகாதார நிலையத்தின் வழியாக அரசே தரட்டும். ஒரு முதியவரை மருத்துவமனையில் சேர்த்துக் காப்பாற்றும் செலவைவிடக் கவசத்தின் செலவு எத்தனையோ மடங்கு குறைவு. கணக்குத் தெரிந்த அரசு இதைச் செய்யத் தயங்காது.

நமக்கும் வேலை இருக்கிறது, தோழர்களே! உங்கள் கிளையின் எல்லைக்குள்ளே முதியோர் இல்லம் இருந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய் வாருங்கள். மாலையும் பழமும் வேண்டாம். இருமல் இருந்தால் போகவே வேண்டாம். போகிறவர் கவசம் எடுத்துச் செல்லுங்கள். பெரியவர்களை நலம் விசாரியுங்கள். பிறகு ஆயாவைத் தனியே அழைத்து ஒரு கேள்வி கேளுங்கள்: "காய்ச்சல் வந்தால் உனக்குக் கூலியோடு லீவு உண்டா, அம்மா?"

அவள் "உண்டு" என்று சொன்னால், அந்த இல்லத்தாருக்கு நம் வணக்கத்தைச் சொல்லிவிட்டு வாருங்கள். அவள் தலைகுனிந்தால், அவளைச் சங்கத்திலே சேருங்கள். ஆட்சியர் அலுவலகத்துக்கு மனு எழுதுங்கள். அவள் உரிமைக்காகப் போடும் ஒவ்வொரு கையெழுத்தும், உள்ளே படுத்திருக்கும் நம் தாயின் மூச்சைக் காக்கிற கையெழுத்து.